பட்டாயாவில் பார்த்த பொருத்தம்

லண்டனில் வெள்ளைக்காரக் கிழவர்களை நான் வேண்டியளவு பார்த்திருக்கிறேன். கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனுக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்பார்கள். மழைக்கோட்டு, கையில் ஒரு பை, பைக்குள் பூனைக்குச் சாப்பாடு. "குட் மோர்னிங்" சொன்னால் "நொட் பாட்" என்பார்கள். பாவம், வயது போனால் மனிதனுக்கு இவ்வளவுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். பட்டாயாவுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, பஸ்ஸுக்கு நிற்காத மற்றக் கிழவர்கள் எல்லாம் எங்கே போயிருந்தார்கள் என்று.

நான் போனது கலியாணத்துக்கு. இதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டக்கூடாது.

என் தங்கை பரமேஸின் மகள் சுகந்திக்குக் கலியாணம். தொண்ணூறுகளில், ஊரில் சண்டை நடந்த காலத்தில், எங்கள் ஆட்களின் கலியாணம் பாதி மூன்றாவது நாட்டில்தான் நடந்தது. மாப்பிள்ளை லண்டனில் அகதி. இலங்கைக்குத் திரும்பிப் போக ஏலாது. பெண் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்து, லொட்ஜில் மாதக்கணக்காகக் காவல் இருக்கவேண்டும். பிறகு சிங்கப்பூரோ சென்னையோ பாங்கொக்கோ, எது வசதியோ அங்கே இரண்டு பக்கமும் விமானத்தில் வந்து இறங்கித் தாலி கட்டும். போட்டோவில் பார்த்த முகத்தை விமான நிலையத்தில் சனத்துக்குள் தேடிப் பிடிக்கவேண்டும். அப்படிப் பிடித்த முகங்களோடு நல்லபடியாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மாப்பிள்ளை பெயர் யோகன். டூட்டிங் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் மனேஜர். சுகந்தியின் தகப்பன் செத்துப்போனார், ஆனபடியால் மாப்பிள்ளையை விசாரித்துச் சொல்வது தாய்மாமனாகிய என் பொறுப்பு. எங்கள் ஆட்கள் விசாரிக்கும் விதம் எல்லாருக்கும் தெரியும். ஊரில் எந்தப் பகுதி, குடிப்பானோ, கோயிலுக்கு வருவானோ. மூன்றுக்கும் பதில் கிடைத்தால் நாலாவதாக ஒன்றும் கேட்கமாட்டோம்.

யோகன் கோயிலுக்கு வருகிறவன். விம்பிள்டனில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வேட்டியோடு நிற்பான், கழுத்தில் வெள்ளி கட்டிய உருத்திராட்சம். அதைவிடப் பெரிய விஷயம், வருடா வருடம் மாசி மாதம் பழனிக்குப் போவான். போய் மொட்டையடித்துக்கொண்டு திரும்பி வருவான். பஞ்சாமிர்தமும் கொண்டுவந்து கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் கரண்டி கரண்டியாக வைப்பான். லண்டன் மாசிக் குளிரில் ஒருவன் தொப்பியில்லாமல் மொட்டைத் தலையோடு நின்றால் அவனுடைய பக்தியைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்? நான் இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டேன். சாதகமும் பார்த்தோம். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஐயர் சொன்னார். தங்கைக்கு ரெலிபோனில் "கண்ணை மூடிக்கொண்டு குடு" என்று சொன்னதும் நான்தான்.

தாலிகட்டு வெள்ளிக்கிழமை, பாங்கொக்கில் எங்கள் அம்மன் கோயிலில். அதற்கு முதல் மூன்று நாள் பட்டாயாக் கடற்கரையில் நிற்பதென்று யோகன்தான் ஒழுங்கு செய்தான்.

"மாமிக்கும் நல்ல காத்து, மாமா. ஒரு சிநேகிதன் சொன்ன இடம். நான் உந்தப் பக்கமே வந்ததில்லை" என்றான்.

பட்டாயாவில் பஸ் என்று ஒன்று இல்லை. பிக்கப் வண்டியின் பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு வாங்கு. ஏறிக் குந்தவேண்டும், இறங்குமிடம் வந்தால் கூரையிலுள்ள பொத்தானை அமத்தவேண்டும். பரமேஸ் விழுந்துவிடுவேன் என்று கையை மேலே கொடுத்துப் பிடித்தாள். பிடித்தது பொத்தானை. கடற்கரை வீதி முழுக்க வண்டி நின்று நின்று போனது. நின்ற இடமெல்லாம் பியர்க் கடை. ஒவ்வொரு கடையிலிருந்தும் பெண்பிள்ளைகள் எழுந்து ஓடிவந்து "வெல்கம்! வெல்கம்!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"என்ன அண்ணை, எல்லாருக்கும் உங்களைத் தெரியுமோ?" என்று பரமேஸ் கேட்டாள்.

"நீ முதல் மேல வைச்ச கையை எடு" என்றேன்.

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்து இறங்கிய பிறகு அந்தப் பிள்ளை சிரித்தது அப்போதுதான்.

பின்னேரம் நடந்து பார்த்தோம். பின்னேரம் என்றாலும் அந்த ஊருக்கு அது விடியற்காலை. கதவு இல்லாத கடைகள், நடுவில் ஒரு மேசை, மேசையைச் சுற்றி வெள்ளைக்காரன். ஒருவன் மணியை இழுத்து அடித்தான். கோயில் மணியாக்கும் என்று பரமேஸ் கையெடுத்தாள். மணி அடித்தவன் எல்லாருக்கும் குடிக்க வாங்கிக் கொடுக்கவேண்டுமாம், அதுதான் அந்த ஊர்ப் பூசை. பெண்பிள்ளைகள் அந்தத் தடியன்களோடு சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் காய் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று தரம் வென்றுவிட்டு நாலாம் தரம் வேண்டுமென்றே தோற்றாள் ஒருத்தி. தோற்கடித்தவன் உலகக் கிண்ணம் எடுத்தவன் மாதிரிக் கையைத் தூக்கினான்.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. கப்பலில் குசினி வேலை செய்து லண்டனுக்கு வந்தவன். அன்ட்வேர்ப், மார்செய் என்று எந்தத் துறைமுகத்திலும் அப்படி ஒரு தெரு இருக்கும். ஆனால் அங்கே போகிறவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டுதான் போவான். எங்கள் கப்பல் இரண்டாம் இஞ்சினியர் போகும்போது மோதிரத்தைக் கழற்றி என் சீனிப் போத்தலுக்குள் போட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்து கரண்டியால் கிண்டி எடுப்பார். மோதிரத்தில் ஒட்டிய சீனியைத் தட்டும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். வெட்கம் என்று ஒரு சாமான் கப்பலில் இருந்தது. பட்டாயாவில் அந்தச் சாமான் இறக்குமதியே இல்லை. மத்தியான வெயிலில் பேத்தி வயதுக்காரியின் தோளில் கைபோட்டுக்கொண்டு ஐஸ்கிறீம் வாங்குகிறான்கள்.

"உந்தப் பிள்ளையளுக்குத் தாய் தேப்பன் இல்லையோ அண்ணை?" என்று பரமேஸ் கேட்டாள்.

"இருக்கினம். அவைக்கு அனுப்பத்தான் இதுகள் இஞ்ச நிக்குதுகள்."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பிள்ளைகளைத் திட்டவில்லை. சாப்பிடவும் இல்லை. மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். தள்ளுவண்டியில் வெட்டுக்கிளி பொரித்துக் குவித்திருந்ததையும் கண்டுவிட்டாள். மூன்று நாளும் வாழைப்பழமும் பாணும். நான் எல்லாம் சாப்பிட்டேன். பப்பாசிக்காயை உரலில் இடித்து, தேசிக்காய்ப் புளியும் மிளகாயும் சேர்த்து ஒரு சம்பல் செய்கிறார்கள். கண்ணீர் வரும். தேங்காய்ப்பாலில் மீன்குழம்பு வைக்கிறார்கள், எங்களிடம் ஒரு கிழமை பழகினால் தோற்கடித்துவிடுவார்கள். இவ்வளவு கைப்பக்குவம் உள்ள சனத்தின் ஊருக்கு வந்து அந்த வெள்ளைக்காரன் காலையில் கேட்பது என்ன? பேக்கனும் தகரத்து அவரையும்.

அடுத்த நாள் காலை ஹோட்டலில் அப்படித்தான் ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தார். கென் என்று பெயர் சொன்னார், லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் வீடு, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் கோலியர்ஸ் வுட் என்றதும் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி எழும்பிவந்து கைகொடுத்தார். "உங்கள் ஆட்களின் கடையில்தான் நான் பால் வாங்குகிறேன்" என்றார். வயிற்றின் மேல் தென்னைமரம் போட்ட சட்டை. காதுக்குள்ளிருந்து மயிர் வளர்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு நோய் என்று பெயர். அவர்களுடைய பாஷையில் அது நல்ல பெயர்தானாம். சுகந்தியின் வயதிருக்கும். அவருக்கு முட்டைக் கோது உரித்துக்கொண்டிருந்தாள்.

"லண்டனில் என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே இவள் என்னை ஹான்ட்சம் என்கிறாள்" என்றார் கென்.

நான் அவரைத் திரும்பவும் ஒரு தரம் பார்த்தேன். அப்படிச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்.

"அடுத்த வருடம் லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்" என்றும் சொன்னார். சொல்லிவிட்டு இன்னும் பேக்கன் எடுக்கப் போனார். நோய் சுகந்தியின் பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் உடைந்த இங்கிலீசில் கதைத்ததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உன் ஆள் எந்த நாடு?"

"லண்டன்."

"என்னுடையதும் லண்டன். உன்னை பாரில் பார்த்தாரா, போட்டோவில் பார்த்தாரா?"

"போட்டோவில்."

"உன்னுடையவர் வயது குறைவு. உனக்கு அதிர்ஷ்டம்" என்று சொல்லி நோய் தன்னுடைய ஜாம் கிண்ணத்தை சுகந்தியின் பக்கம் தள்ளிவிட்டாள். நல்ல மனதோடுதான் செய்தாள். சுகந்தி கையிலிருந்த பாண் துண்டைத் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டாள்.

அன்று பத்து மணிபோலப் பரமேஸுக்குத் தலைச்சுற்று. தேசிக்காய் வாங்க நானும் யோகனும் கடற்கரை வீதிக்குப் போனோம். நாரிப்பிடிப்போடு, இடுப்பைத் தாங்கிக்கொண்டு நான் மெல்ல நடக்கிறவன், யோகன் முன்னால் போய் நின்று நின்று போனான். ஒரு பெரிய குடைக்குக் கீழே கதிரையும் கண்ணாடியும் வைத்து ஒரு சலூன்காரன் இருந்தான். யோகனைக் கண்டதும் சீப்போடு ஓடிவந்தான்.

"மிஸ்டர் யோ! இந்த வருடம் மாதம் மாறி வந்திருக்கிறாய்!" என்று கட்டிப்பிடித்தான். தலையைத் தடவிப் பார்த்தான். "போகிற நாள்தானே? வழக்கம்போல எல்லாவற்றையும் எடுத்துவிடுவோமா, சாமி?" என்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

யோகன் சிரிக்கவில்லை. "ஆள் மாறிப்போச்சு மாமா. உவங்களுக்கு எங்கட முகம் எல்லாம் ஒண்டுதான்" என்றான்.

கண்ணாடியின் மூலையில் நாலைந்து போட்டோ செருகியிருந்தது. ஒன்றில் மொட்டைத்தலையோடு ஒருவன், இரண்டு பக்கமும் இரண்டு பெண்பிள்ளைகள், கையில் பியர்ப் போத்தல். கழுத்தில் வெள்ளி கட்டிய உருத்திராட்சம்.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. நாக்கில் பஞ்சாமிர்தம்தான் வந்தது. டூட்டிங் பலசரக்குக் கடையில் அது போத்தலில் விற்கும். பழனி முருகன் மேல் பழியைப் போட்டுவிட்டு இங்கே வந்து பத்து நாள் கும்மாளம், போகிற நாள் ஒரு மொட்டை. தெரிந்த ஊருக்கே பெண்ணையும் மாமியாரையும் கூட்டிவந்தானே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கப்பல்காரனான என்னையும் சேர்த்து மூன்று பேரையும் ஒன்றும் தெரியாத பூசணிக்காய் என்று நினைத்திருக்கிறான்.

தேசிக்காய் வாங்கவில்லை. நேரே பரமேஸின் அறைக்குப் போனேன். ஈரத் துவாயை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சொன்னேன். துவாயை எடுத்துவிட்டு எழும்பிக் கதவைச் சாத்தினாள்.

"பிள்ளைக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இன்னும் இல்லை."

"சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. ஆம்பிளை, தனிய இருந்தவன். கட்டினாப் பிறகு ஒழுங்காயிடுவான்."

"எந்த ஒழுங்கு? ஆறு வருசமா நானே பாக்க ஆறு மொட்டை அடிச்சவன்."

"ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணம் எண்டு சும்மாவோ சொன்னவை?" என்றாள். பிறகு அழுதாள். "நீங்கள் லண்டனில இருந்து கதைக்கிறியள். நாங்கள் லொட்ஜில கிடந்தனாங்கள். பொலிஸ் வந்து கதவைத் தட்டேக்க அவளைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் விட்டிட்டு நான் முன்னால நிண்டனான். இதைக் குழப்பினால் திரும்பவும் அங்கதான் போகோணும். இருபத்தொன்பது வயது. இனி ஆர் வருவினம்?"

அவள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. இந்த ஊரில் கடை போட்டிருக்கிறவனும் இதே கணக்கைத்தான் பார்க்கிறான். அந்த நாட்டின் வடக்கே வயல் காய்ந்தால் பெண்பிள்ளை பஸ் ஏறி இங்கே வருவாள் என்று அவனுக்குத் தெரியும். குண்டு விழுந்தால் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை வாயைத் திறக்காது என்று யோகனுக்குத் தெரியும்.

பின்னேரம் சுகந்தியைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதிரை ஒன்று வாடகைக்கு எடுத்தேன், நான் இருக்க, அவள் மணலில் இருந்தாள். குழந்தைக்குப் பொய் சொல்லலாம், யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் வேலை செய்த பிள்ளைக்கு என்னத்தைச் சொல்வது? இரத்தம் சேர்க்கிற பகுதியில் அவளுக்கு வேலை. காயம்பட்டு வருகிறவர்களுக்கு வெளியில் வரிசையில் நிற்கிற சனத்திடம் எடுத்து, எயிட்ஸ் இல்லையென்று பார்த்துக் கொடுக்கவேண்டும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எத்தினை வருசமாம் மாமா?"

சொன்னேன்.

"சரி. விடியக் கதைப்பம்" என்று மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

விடிந்தது வியாழக்கிழமை. மத்தியானம் பாங்கொக் போக வான் வரும். காலைச் சாப்பாட்டுக்கு நாலு பேரும் இருந்தோம். பக்கத்து மேசையில் கென்னும் நோயும். யோகன் முட்டை வெட்டிக்கொண்டிருந்தான்.

"கோயிலுக்குப் போக முதல் இன்னொரு இடத்துக்கும் போகோணும்" என்றாள் சுகந்தி. "வீதி முடக்கில ஒரு கிளினிக் இருக்கு. பிளட் டெஸ்ட் அண்டைக்கே சொல்லுவினமாம். நீங்களும் குடுங்கோ. நானும் குடுக்கிறன்."

பரமேஸ் மேசைக்குக் கீழே மகளின் தொடையைக் கிள்ளினாள். "பிள்ளை, வாயை மூடு."

யோகன் என்னைப் பார்த்தான். "மாமா சொல்லித் தந்த கதையோ?"

"கதை மாமாவின்ரை. கேக்கிறது நான்."

"பத்துக்கு எட்டுப் பொருத்தம் பாத்துத்தானே வந்தனீங்கள்?"

"அதில இது இல்லை" என்றாள்.

யோகன் கத்தியை மேசையில் போட்டான். "லண்டனில பாஸ்போட் உள்ள பெட்டையள் எனக்கு வரிசையில நிக்குதுகள், தெரியுமோ? போனாப் போகுது, ஒண்டைக் குண்டுக்குள்ள இருந்து எடுத்துவிடுவம் எண்டு வந்தனான். ஒரு நன்றி வேண்டாமோ?"

"நன்றி இருக்கு. இரத்தம் குடுங்கோ."

கென்னுக்குத் தமிழ் தெரியாது. பிளட் டெஸ்ட் மட்டும் விளங்கியிருக்கிறது. முள்ளுக்கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. நோய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சுத்தமான ஆள்" என்றார் கென், கேட்காமலே. அன்று அவருக்கு யாரும் முட்டை உரிக்கவில்லை.

நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற ரோசத்தில் யோகன் எழும்பினான். "வா, இப்பவே வா. எனக்கென்ன பயம்?"

நாலு பேருமாகப் போனோம். கிளினிக் ஒரு சின்னக் கடை மாதிரி. சுவரோரம் பிளாஸ்டிக் கதிரைகள். கதிரை முழுக்க வெள்ளைக்காரன்கள், அரைக்காற்சட்டையோடு, முழங்காலைப் பார்த்துக்கொண்டு. ஒருவன் பிளாஸ்டிக் துண்டில் எழுதிய தன் இலக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்தான். பியர்க் கடையில் மணி அடித்தவன் போலவும் ஒருவன் இருந்தான், இப்போது மூச்சே இல்லை. அந்த ஊரில் ஆம்பிளைகள் வெட்கத்தோடு இருந்ததை நான் கண்டது அந்த ஒரு அறையில்தான்.

சுகந்திக்கும் யோகனுக்கும் ஒவ்வொரு இலக்கம் கொடுத்தார்கள். சுகந்தியை முதலில் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போனதும் யோகன் சட்டைப்பையைத் தட்டினான்.

"ஒரு சிகரெட் அடிச்சிட்டு வாறன் மாமா."

அவன் சிகரெட் குடிப்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். போ என்றேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பற்றவைத்தான். வீதியை இரண்டு பக்கமும் பார்த்தான். வாடகை மோட்டார்சைக்கிள்காரன் ஒருவன் பச்சை மேலங்கியோடு வந்து நின்றான். நான் கதிரையைப் பிடித்து எழும்பி முடிக்க முதல் யோகன் அவனுக்குப் பின்னால் ஏறிவிட்டான். நான் கடைசியாகக் கண்டது முதுகும், காற்றில் பொங்கிய சட்டையும். ஹோட்டலில் விசாரித்தபோது தன் பெட்டியோடு போய்விட்டான் என்றார்கள். அது பிறகு.

சுகந்தி முழங்கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தாள். யோகனின் கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தாதி அவனுடைய இலக்கத்தைக் கூப்பிட்டாள். திரும்பவும் கூப்பிட்டாள். இருந்த வெள்ளைக்காரன்கள் எல்லாரும் தங்கள் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கவிழ்த்தார்கள்.

"அவர் போய்விட்டார்" என்றாள் சுகந்தி இங்கிலீசில்.

"நீங்கள் மனைவியா?"

"இல்லை."

"சொந்தக்காரரா?"

"இல்லை. ஒருத்தரும் இல்லை."

தாதி தாளில் அந்த இலக்கத்தைக் கோடுபோட்டு வெட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பரமேஸ் அந்த வெள்ளைக்காரன்களுக்கு நடுவே இருந்து வாய்விட்டு அழுதாள். "இனி என்னடி செய்யப்போறாய்? திரும்ப அந்த லொட்ஜ், அந்தப் பொலிஸ், பிறகு பாஸுக்கு நிண்டு அந்த ஷெல்லடிக்குள்ளை..."

"ஓம் அம்மா" என்றாள் சுகந்தி. தாய்க்குப் பக்கத்தில், யோகன் விட்டுப்போன கதிரையில் வந்து இருந்தாள். "அந்தப் பயம் எனக்குப் பழக்கம். உந்தப் பயத்தோட படுத்தெழும்ப என்னால ஏலாது."

மகளின் முழங்கையில் பஞ்சு கழன்று தொங்கியது. பரமேஸ் அதை எடுத்துத் திரும்ப வைத்துத் தன் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இரத்தம் நிக்கட்டும்" என்றாள் மகளைப் பார்த்து. பிறகு சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, சும்மா ஏன் வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்கோணும்? இண்டைக்கே எங்கட ரிக்கெற்றை மாத்த ஏலுமோ எண்டு பாருங்கோ."